டி4 வேறு, நாலாவது ஸ்டேஜ் வேறு: நுரையீரல் உறைப் புற்றுநோய் ரிப்போர்ட்டை வாசிக்கும் முறை

ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "டி4 என்1 எம்0" என்று இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "நாலாவது ஸ்டேஜாம்" என்று மெதுவாகச் சொல்லும். அம்பாசமுத்திரத்தில் சொன்னது சாயங்காலத்துக்குள் சங்கரன்கோவில் வரை போய்விடும். மறுநாள் காலையில் சொந்தக்காரர்கள் பழப்பையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் அந்த ரிப்போர்ட் சொல்வது மூன்றாவது ஸ்டேஜின் பி பிரிவு. டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 4 ஒரு கணக்கு, ஸ்டேஜின் 4 இன்னொரு கணக்கு. இந்த நோயில் இந்த ஒரு குழப்பத்தால் வரும் கலவரம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் இடம். நுங்கு வெட்டித் தின்றவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுளையின் மேல் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய தோல் இருக்கும். சுளை உட்கார்ந்திருக்கும் குழிக்கு ஓர் உட்பக்கம் உண்டு. இரண்டுக்கும் நடுவே வழுவழுவென்று ஈரம். நுரையீரலும் மார்புக்கூட்டுக்குள் அப்படித்தான் இருக்கிறது. நுரையீரலை ஒட்டிய தோல் உள்ளுறை. விலா எலும்பின் உட்பக்கத்தையும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் மேற்பக்கத்தையும், இதயம் இருக்கும் நடுமார்பின் பக்கத்தையும் மூடியிருப்பது வெளியுறை. இரண்டும் சேர்ந்ததுதான் ப்ளூரா. நடுவில் சாதாரணமாக இருப்பது சில தேக்கரண்டி நீர் மட்டும். மூச்சு விடும்போது நுரையீரல் உரசாமல் வழுக்கிப் போக அது போதும்.

இந்த உறையின் செல்களிலேயே தொடங்கும் புற்றுநோய்க்கு மீசோதீலியோமா என்று பெயர். நுரையீரல் புற்றுநோய் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் சொல்வது இதுவல்ல. அது நுரையீரலுக்குள் கட்டியாகத் தொடங்கும். பீடி, சிகரெட்டோடு அதற்கு நேரடி உறவு உண்டு. மீசோதீலியோமாவுக்குப் பீடி காரணம் இல்லை. பெரும்பாலும் காரணமாக இருப்பது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழை. மூச்சில் போன இழை உறையில் தங்கி, 20 முதல் 50 வருடம் கழித்து நோயாக வரும். ஆகவே டாக்டர் கேட்க வேண்டியது, "இப்போ என்ன வேலை?" என்பதோடு, "இருபது வயசுல என்ன வேலை பார்த்தீங்க?" என்பதும். மில் பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் உறை சுற்றியவர்கள், கப்பல் பழுது பார்த்தவர்கள், லாரிப் பட்டறையில் பிரேக் லைனிங் தேய்த்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை ரம்பத்தால் அறுத்துக் கூரை போட்டவர்கள், அவர்கள் சட்டையை வீட்டில் துவைத்த மனைவிமார் என்று அந்தப் பட்டியல் போகும்.

இரண்டு நோயையும் பிரித்துச் சொல்வதற்கு ஸ்டேஜ் தொடர்பாகவே ஒரு காரணம் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்க்காரருக்கு நெஞ்சில் நீர் கோத்து, அந்த நீரில் புற்று செல் இருந்தால், அது நாலாவது ஸ்டேஜ். மீசோதீலியோமாவில் அந்த விதி இல்லை. நோய் பிறந்ததே உறையில்தான். அதே பக்கத்தில் நீர் கோப்பது நோயின் இயல்பு. இரண்டு லிட்டர் எடுத்தாலும், அதில் செல் இருந்தாலும், அந்தக் காரணத்துக்காக மட்டும் ஸ்டேஜ் ஏறாது. பக்கத்துக் கட்டில்காரரின் ரிப்போர்ட்டை வைத்து நம் ரிப்போர்ட்டைப் படிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

டி: உறையைத் தாண்டி எதைத் தொட்டிருக்கிறது

மார்பில் வரும் கட்டி, குடலில் வரும் கட்டி எல்லாம் உருண்டையாக வளரும். எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துவிடலாம். மீசோதீலியோமா தோல்போல் படர்ந்து, நுரையீரலைச் சுற்றி மட்டைபோல் தடித்து இறுகும். ஓர் இடத்தில் 4 மில்லிமீட்டர், இன்னோர் இடத்தில் 20 மில்லிமீட்டர் என்று இருக்கும். இதை எப்படி ஒரே எண்ணில் அளப்பது? அதனால்தான் நெடுங்காலமாக அளவை விட்டுவிட்டு, எந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது என்பதை வைத்தே டி எழுதினார்கள். டி, என், எம் வைத்து ஸ்டேஜ் போடுவதற்கான சர்வதேச விதிப்புத்தகத்தில், 2018 முதல் பயன்பாட்டில் இருந்த எட்டாம் பதிப்பு அப்படித்தான். இன்னும் பல ரிப்போர்ட்டுகளில் அதுவே இருப்பதால் அதை முதலில் பார்ப்போம்.

டி1: நோய் ஒரு பக்க உறையோடு நிற்கிறது. டி2: அந்தப் பக்கத்து உறை முழுவதும் பிடித்து, கூடவே உதரவிதானத் தசைக்குள்ளோ நுரையீரல் சதைக்குள்ளோ இறங்கியிருக்கிறது. இவை இரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம். முற்றிய நோய் என்று பேச்சு வரும்போது ஆட்டம் முழுக்க டி3-க்கும் டி4-க்கும் நடுவே உள்ள கோட்டில்தான்.

டி3-இல் நோய் உறையை விட்டு வெளியே எட்டிப் பார்த்திருக்கும். மார்புச் சுவரின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வில் ஏறியிருக்கலாம். நடுமார்பின் கொழுப்பில் நுழைந்திருக்கலாம். மார்புச் சுவரின் சதையில் ஒரே ஓர் இடத்தில், முழுதாக வெட்டி எடுக்கக்கூடிய அளவில் பதிந்திருக்கலாம். இதய உறையின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, உட்பக்கம் வரை துளைக்காமல் இருக்கலாம். கணிசமாக முற்றியதுதான். ஆனாலும் அறுவை நிபுணர் கத்தியை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்க இடம் இருக்கிறது.

டி4-இல் அந்த இடம் இல்லை. மார்புச் சுவரில் பல இடத்தில் அல்லது பரவலாகப் போயிருப்பது, விலா எலும்பை அரித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், டி4. உதரவிதானத்தைத் துளைத்து வயிற்றுக்குள் இறங்குவது, எதிர்ப்பக்க நுரையீரலின் உறையைப் பிடிப்பது, உணவுக்குழாய், மூச்சுக்குழாய், பெரிய ரத்தக்குழாய் ஆகியவற்றில் நுழைவது, முதுகெலும்பைத் தொடுவது, இதய உறையின் உட்பக்கம் வரை போவது, இதயத் தசையில் ஏறுவது எல்லாமே டி4.

இவற்றில் பலவும் ஸ்கேனுக்கு முன்பே உடம்பில் தெரியும். நெஞ்சில் ஒரே இடத்தில் இரவு பகல் விடாத வலி மார்புச் சுவர் பிடித்திருப்பதைக் காட்டலாம். குரல் கம்மிப் போனால் நடுமார்பில் குரல்வளைக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கலாம். முகமும் கழுத்தும் ஊதி, கழுத்து நரம்பு புடைத்தால், தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை அழுந்தியிருக்கலாம். வயிறு நீர் கோத்து உப்பினால் உதரவிதானத்தின் அடியில் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் குறைந்தால் இதய உறையில் நீரா என்று அன்றைக்கே எக்கோ எடுக்க வேண்டும். முதுகுவலியோடு கால் மரத்துப் போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைப்பது என்று வந்தால், அடுத்த வாரம் ஓ.பி.க்குப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. தண்டுவடம் அழுந்தினால் மணிக்கணக்குதான் முக்கியம். நேரே அவசரப் பிரிவு.

2025 முதல் ஒன்பதாம் பதிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் அளவுகோல் உள்ளே வந்துவிட்டது. சி.டி. படத்தில் நோயுள்ள பக்கத்தை மேல், நடு, கீழ் என மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உறை அதிகம் தடித்த இடத்தை அளந்து, மூன்றையும் கூட்டுகிறார்கள். மேலே 5, நடுவே 8, கீழே 14 மில்லிமீட்டர் என்றால் கூட்டுத்தொகை 27. தொகை 12-க்குள் இருப்பது, 12-க்கு மேல் 30 வரை, 30-ஐத் தாண்டியது என்று மூன்று படி. நுரையீரலின் மடல்களுக்கு நடுவே உள்ள பிளவில் தடிப்பு 5 மில்லிமீட்டருக்கு மேல் போனதா என்பதையும் பார்க்கிறார்கள். டி1, டி2, டி3 ஆகியவை இதனால் இடம் மாறியிருக்கின்றன. எலும்பையும் உள் உறுப்புகளையும் பிடித்தால் டி4 என்பது அப்படியே. ஒரே நோயாளிக்கு ஓர் ஆஸ்பத்திரி டி2 என்றும் இன்னோர் ஆஸ்பத்திரி டி3 என்றும் எழுதியிருந்தால், யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், "எட்டாம் பதிப்பா, ஒன்பதாம் பதிப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

என்: நெறி

என் என்பது நிணநீர் முடிச்சு, நம் பேச்சில் நெறி. எதிலும் இல்லை என்றால் என்0. நோயுள்ள அதே பக்கத்தில், மார்புக்கு உள்ளே இருக்கும் எந்த நெறியில் இருந்தாலும் என்1. எதிர்ப்பக்க நடுமார்பின் நெறியிலோ, இரு பக்கத்தில் எந்தப் பக்கமானாலும் காறை எலும்புக்கு மேலே கழுத்தடி நெறியிலோ இருந்தால் என்2.

கடைசியாகச் சொன்ன கழுத்தடி நெறியைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம். நோயாளியை உட்கார வைத்து, பின்னால் நின்று, காறை எலும்பின் மேல் பள்ளத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் போதும். கட்டி அகப்பட்டால் மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார்கள். எஃப்.என்.ஏ.சி. என்பது அதுதான். சில நிமிட வேலை. அதில் மீசோதீலியோமா செல் வந்தால், எட்டாம் பதிப்புப்படி டி எதுவாக இருந்தாலும் ஸ்டேஜ் குறைந்தது 3பி; பெரிய அறுவை பற்றிய பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து, புற்று உள்ள இடம் ஒளிர்ந்து தெரியும் பெட் ஸ்கேன் எடுத்துவிட்டு, கழுத்தை யாரும் தொட்டே பார்க்கவில்லை என்பது நடக்கக் கூடாதது. நடக்கிறது.

இன்னொன்று: நம் பக்கம் நெறி வீங்குவதற்குக் காசநோய் முதல் பழைய கிருமித் தொற்று வரை எத்தனையோ காரணம் உண்டு. ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்ததாலேயே அது புற்று நெறி ஆகிவிடாது. ஸ்டேஜை மாற்றப்போகிற நெறி என்றால் ஊசி போட்டு உறுதி செய்ய வேண்டும்.

எம்: வேறு ஊர்

எம்0 என்றால் தூரத்துக்குப் பரவவில்லை, எம்1 என்றால் பரவியிருக்கிறது. கல்லீரல், எலும்பு, மூளை, எதிர்ப்பக்க நுரையீரலின் சதை எல்லாம் இதில் வரும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்ப்பக்க உறையைப் பிடித்தால் டி4 என்று மேலே பார்த்தோம். எதிர்ப்பக்க நுரையீரலுக்குள் தனிக் கட்டியாக முளைத்தால் எம்1. உதரவிதானத்தைத் துளைத்து நேராக வயிற்றுக்குள் இறங்கினால் டி4. தொடர்பில்லாமல் வயிற்று உறையில் வேறோர் இடத்தில் முளைத்தால் எம்1. தாமிரபரணி கரை உடைத்துப் பக்கத்து வயலில் ஏறுவது ஒன்று. அந்தத் தண்ணீரை லாரியில் கொண்டுபோய் நாலு ஊர் தள்ளிக் கொட்டுவது இன்னொன்று. முதலாவதை டி கணக்கில் வைப்பார்கள், இரண்டாவதை எம் கணக்கில்.

மூன்றையும் சேர்த்தால்

எட்டாம் பதிப்புப்படி டி1 என்0 என்பது 1ஏ. டி2 அல்லது டி3, நெறி இல்லாமல் என்றால் 1பி. டி1 அல்லது டி2, என்1-ஓடு சேர்ந்தால் 2. டி3 என்1 என்றால் 3ஏ. என்2 வந்துவிட்டால் 3பி. டி4 வந்துவிட்டாலும், நெறி எப்படி இருந்தாலும், 3பி. எம்1 வந்தால் மட்டும் 4.

அப்படியென்றால் டி4-ஐ நாலாவது ஸ்டேஜ் என்று சொல்பவர்கள் எல்லாரும் விவரம் இல்லாதவர்களா? அதுவும் இல்லை. இதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் டி4 இருந்தாலே நாலாவது ஸ்டேஜ்தான். எம்1 வேண்டியதில்லை. கழுத்தடி நெறியும் அப்போது நாலில் சேர்ந்திருந்தது. எட்டாம் பதிப்பில் இவற்றை மூன்றுக்கு இறக்கி, நாலை எம்1-க்கு மட்டும் ஒதுக்கினார்கள். பழைய புத்தகம் படித்தவர், பழைய துண்டுப் பிரசுரத்தைப் பார்த்தவர், இணையத்தில் தேதி பார்க்காமல் படித்தவர் எல்லாரும் பழைய கணக்கையே சொல்வார்கள். நோயாளியின் உடம்பு மாறவில்லை, பெயர்ப்பலகை மாறியிருக்கிறது.

"அட்வான்ஸ்டு" என்ற சொல்லையும் கவனியுங்கள். அது ஸ்டேஜின் பெயர் அல்ல. ஒரு டாக்டர் 3பி-யையும் 4-ஐயும் அப்படிச் சொல்வார். இன்னொருவர் அறுவைக்கு ஒத்துவராத எல்லாவற்றையும் சொல்வார். அந்தச் சொல் காதில் விழுந்தால், "டி, என், எம் என்ன, எதை வைத்து எழுதினீங்க?" என்று கேட்பதே உருப்படியான கேள்வி.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை நோயாளி. 64 வயது, 22 வயதிலிருந்து பத்து வருடம் பாய்லர் வேலை. வலது உறை முழுவதும் தடித்திருக்கிறது. 6, 7-வது விலா எலும்புகள் இரண்டு இடத்தில் அரித்திருக்கின்றன. வலப்பக்க நடுமார்பில் ஒரு நெறி, ஊசியில் உறுதியாகியிருக்கிறது. கல்லீரலில் 1 சென்டிமீட்டர் புள்ளி ஒன்று. எலும்பு அரிப்பால் டி4. அதே பக்க நெறியால் என்1. கல்லீரல் புள்ளிதான் 3பி-யா 4-ஆ என்று தீர்மானிக்கப் போகிறது. அது வெறும் நீர்க்கட்டி என்று அல்ட்ராசவுண்டிலோ எம்.ஆர்.ஐ.யிலோ தெரிந்தால் எம்0, ஸ்டேஜ் 3பி. அந்தப் புள்ளியைத் தனியாக விசாரிக்காமலே 4 என்று எழுதிவிடுவதும், கண்டுகொள்ளாமல் விடுவதும் இரண்டுமே பிழை.

எழுத்துகளுக்கு முன்னால் சின்னதாக "சி" அல்லது "பி" இருக்கலாம். சி என்றால் ஸ்கேனும் சோதனையும் வைத்துப் போட்டது. பி என்றால் அறுவையில் எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்துப் போட்டது. முற்றிய நோயில் அறுவை நடப்பது அரிது என்பதால் பெரும்பாலும் சி-தான் இருக்கும். அதாவது இது ஒரு மதிப்பீடு. உறையின் நுண்பரவலை ஸ்கேன் குறைத்தே காட்டும். அறுவை செய்து பார்த்தவர்களில் ஸ்டேஜ் மேலே ஏறுவது சாதாரணம்.

எந்தச் சோதனை எதைச் சொல்லும், எங்கே தவறும்

ஒரு பக்கம் நெஞ்சில் நீர் கோத்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய். அது நியாயமான சந்தேகம்தான். காசநோய் அவ்வளவு அதிகம். நீரை எடுத்துச் சோதித்தால் லிம்போசைட் என்ற வெள்ளையணு கூடுதலாக இருக்கும், ஏ.டி.ஏ. என்ற நொதியும் 40-க்கு மேல் இருக்கலாம். உடனே ஆறு மாத மாத்திரை தொடங்கிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், மீசோதீலியோமா நீரிலும் லிம்போசைட் கூடும், சிலருக்கு ஏ.டி.ஏ.யும் கூடும். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனை, உறை நீரில் காசநோயையே பல நேரம் தவறவிடும் என்பதால், அது நெகட்டிவ் என்று வந்தாலும் தெளிவு கிடைக்காது. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகியும் நீர் திரும்பத் திரும்பக் கோத்தால், வலி கூடினால், எடை இறங்கிக்கொண்டே போனால், ஆறு மாதம் முடியட்டும் என்று இருக்காமல் உறையிலிருந்து சதை எடுத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். எக்ஸ்ரேயிலும் ஒரு தடயம் உண்டு. நிறைய நீர் கோத்தால் இதயம் எதிர்ப்பக்கம் தள்ளப்பட வேண்டும். நீர் நிறைந்திருந்தும் அது நகராமல் நின்றால், அல்லது நோயுள்ள பக்கத்து மார்புக்கூடு சுருங்கியிருந்தால், உறை இறுகிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நீரை மட்டும் பார்த்து மீசோதீலியோமா என்று உறுதி செய்வது பல நேரம் முடியாது. நீரில் புற்று செல் இல்லை என்ற ரிப்போர்ட்டை நம்பி வீட்டுக்குப் போகவும் முடியாது. உறைக்குள் குழாய்க் கேமராவை விட்டு, கண்ணால் பார்த்து, பல இடத்தில் சதை எடுக்கும் தோரக்கோஸ்கோபிதான் நம்பத்தக்க வழி. எடுத்த சதையில் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 போன்ற சாயங்கள் பிடிக்கிறதா, நுரையீரல் புற்றுக்குரிய டி.டி.எஃப்.1 பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தச் சாயச் சோதனை இல்லாமல் மீசோதீலியோமா என்று எழுதிய ரிப்போர்ட் முழுமையானது அல்ல. அதன்மேல் ஸ்டேஜ் போடுவது அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்புவது மாதிரி.

ஸ்டேஜுக்கு அடிப்படைப் படம், மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. நெஞ்சோடு மேல்வயிறும் சேர்த்து எடுக்க வேண்டும்; நெஞ்சோடு நிறுத்திவிட்டால் உதரவிதானத்தின் அடிப்பக்கமும் கல்லீரலும் தெரியாது, திரும்பவும் ஒருநாள் அலைய வேண்டும். மருந்துக்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை ரத்தத்தில் பார்க்க வேண்டும். உறையைத்தான் பார்க்கிறோம் என்று சீட்டில் எழுதியிருந்தால், மருந்து உறையில் ஏறும் நேரம் பார்த்துச் சற்றுத் தாமதித்துப் படம் எடுப்பார்கள். "நெஞ்சு சி.டி." என்று மொட்டையாக எழுதினால் அந்தக் கவனம் கிடைக்காமல் போகலாம். நீரை முழுதும் வடிப்பதற்கு முன்பே சி.டி. எடுத்துவிட்டால் உறையின் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். மூச்சு முட்டுகிற நோயாளியிடம் படத்துக்காகக் காத்திருங்கள் என்று சொல்ல முடியாது. தேவையான அளவு எடுத்துவிட்டுப் பிறகு படத்துக்குப் போகலாம். ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் சுரந்து ஆபத்தாகும்.

மார்புச் சுவரையும் உதரவிதானத்தையும் தாண்டியதா என்ற சந்தேகத்துக்கு எம்.ஆர்.ஐ. உதவும். தூரப் பரவலையும் நெறியையும் தேடப் பெட் ஸ்கேன். அதற்கு ஆறு மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை 200-க்குள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத அறுபது வயதுக்காரர் குறைவு. கட்டுப்பாடு இல்லாமல் காலையில் பஸ் ஏறிப் போய், அங்கே சர்க்கரை 290 என்று திருப்பி அனுப்பப்பட்டால் பயணம் வீண். முந்தைய வாரமே டாக்டரிடம் பேசிச் சரிசெய்துகொள்ளுங்கள். அதைவிட முக்கியம்: திரும்ப நீர் கோக்காமல் இருக்க, உறைக்குள் டால்க் பவுடர் தூவி ஒட்டவைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. டால்க் போட்ட இடம் பெட் ஸ்கேனில் புற்றுபோலவே ஒளிரும், வருடக்கணக்கில். ஆகவே பெட் ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் டால்க்குக்கு முன்பே எடுக்க வேண்டும். பிறகு எடுத்தால், டால்க் போட்ட தேதியை ஸ்கேன் சென்டரில் சொல்ல வேண்டும். ஆறாத காசநோய்ப் புண்ணும் அப்படியே ஒளிரும்.

அறுவை பற்றிய யோசனை உண்மையில் இருந்தால்தான் மற்ற நுழைவுச் சோதனைகள். மூச்சுக்குழாய் வழியாக அல்ட்ராசவுண்டு விட்டு நடுமார்பு நெறியில் ஊசி போடுவது, வயிற்றுக்குள் லேப்ராஸ்கோபி விட்டு உதரவிதானத்தின் அடியைப் பார்ப்பது போன்றவை. 3பி என்று ஏற்கெனவே உறுதியானவருக்கு இவற்றைச் செய்து பயனில்லை. வலியும் செலவும்தான் மிச்சம்.

ஸ்டேஜ் தீர்மானிப்பதும் தீர்மானிக்காததும்

ஸ்டேஜ் முதலில் சொல்வது அறுவை உண்டா இல்லையா என்பதை. 3பி-யிலும் 4-இலும் பொதுவாக இல்லை. ஆரம்ப நோயிலும்கூட இப்போது தயக்கம் கூடியிருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான மார்ஸ்2 ஆய்வில், உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவையைக் கீமோவோடு சேர்த்துச் செய்தவர்களுக்கு, கீமோ மட்டும் பெற்றவர்களைவிட முடிவு நன்றாக இல்லை. "ஆபரேஷன் கிடையாதுன்னுட்டாங்க" என்பதைக் கைவிரித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் 3பி-க்கும் 4-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினோடு பெமெட்ரெக்செட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. இல்லையென்றால் நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகள். அறுவைக்கு ஒத்துவராத நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட செக்மேட் 743 ஆய்வில், பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் கீமோ பிரிவில் 14.1 மாதம், நோயெதிர்ப்பு மருந்துப் பிரிவில் 18.1 மாதம். இது நடு அளவு. மறுபாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்தவர்கள். பெமெட்ரெக்செட் போடுவதற்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் வாய்ப்புண்ணும் ரத்த அணுக் குறைவும் கடுமையாக வரும். மருந்து நாளை ஒட்டி மெடிக்கலில் ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. சிறுநீரகம் பெமெட்ரெக்செட்டை வெளியேற்றுவதை அது தடுக்கும்.

ஸ்டேஜில் இல்லாத இரண்டு விஷயங்கள் ஸ்டேஜ் அளவுக்கே கனமானவை. ஒன்று செல் வகை. எபிதீலியாய்டு வகை ஒப்பீட்டில் மெதுவானது, சார்கோமட்டாய்டு வேகமானது, இரண்டும் கலந்தது பைஃபேசிக். 3பி எபிதீலியாய்டு நோயாளி, 1பி சார்கோமட்டாய்டு நோயாளியைவிட நன்றாக இருப்பது உண்டு. இன்னொன்று நோயாளி எந்த அளவுக்கு நடமாடுகிறார் என்பது. இதை 0 முதல் 4 வரை எண்ணில் எழுதுவார்கள். தன் வேலையைத் தானே பார்த்து, பகலில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறவர் 2 வரைக்கும் வருவார். 3, 4 என்றால் கீமோவே சுமையாகிவிடும். இங்கேயும் ஒரு 4 வருகிறது பாருங்கள். அதையும் ஸ்டேஜ் என்று படித்துவிடக் கூடாது.

காகித வேலை கொஞ்சம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்தச் சோதனை, எந்த மருந்து அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் ஸ்கேனுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கல்நாரால் வரும் மீசோதீலியோமா சட்டப்படி தொழில்நோய். வேலை பார்த்த இடம், வருடம், என்ன பொருளைக் கையாண்டார் என்பதை ஓ.பி. சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்ல வேண்டும். கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது ஓய்வுக்குப் பின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் உத்தரவிட்டது. அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பெறும்போது ஸ்டேஜ் எழுதிய ரிப்போர்ட்டும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் சேர்ந்து இருக்க வேண்டும்.

முதலில் போட்ட ஸ்டேஜ் பிறகு மாறாது. 3பி என்று தொடங்கியவருக்கு ஆறு மாதம் கழித்துக் கல்லீரலில் பரவினால், "3பி, நோய் முன்னேற்றம்" என்று எழுதுவார்களே தவிர 4 என்று திருத்தி எழுதுவதில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை வேறு கணக்கில் பார்ப்பார்கள்: உறையின் தடிப்பை மூன்று மட்டத்தில் அளந்து கூட்டி, தொகை 30 சதவீதம் குறைந்தால் மருந்து கேட்கிறது, 20 சதவீதம் கூடினால் நோய் மீறுகிறது. இதற்கு முன்பு அளந்த அதே இடத்தில் இப்போதும் அளக்க வேண்டும். அந்த இடம் பழைய படத்தில்தான் இருக்கிறது. ஃபிலிமைப் பார்த்து மில்லிமீட்டர் அளக்க முடியாது. அதனால் முதல் சி.டி.யின் சி.டி. தட்டை, ஆமாம், பெயர் ஒன்றாகத்தான் இருக்கிறது, ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்கி, ஒரு பிரதி பென் டிரைவில் போட்டு, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூடவே கொண்டுபோங்கள்.